கடைமடை வரை நடந்தவர்: அப்பாவின் நினைவைக் காக்க நாங்கள் செய்தவை

எங்கள் அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக, அதாவது கால்வாயைக் கவனிக்கும் பணியாளராக, இருந்து ஓய்வு பெற்றவர். தாமிரபரணி ஆற்றிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயில் ஷட்டரை ஏற்றி இறக்குவதும், கரையை நடந்து பார்ப்பதும், மடைகளில் முறைப்படி தண்ணீர் போகிறதா என்று கவனிப்பதுமாகவே அவருடைய பணிக்காலம் முழுவதும் சென்றது. சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, ஆற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், தாம் பிறந்த வீட்டிலேயே, 2022ஆம் ஆண்டு எண்பதைக் கடந்த வயதில் காலமானார். மாலையிட்ட படம் ஒன்றைக் கூடத்தில் மாட்டிவிட்டு ஆண்டுக்கு ஒரு முறை திதி கொடுப்பதோடு அவருடைய நினைவு நின்றுவிடக் கூடாது என்று நானும் என் தம்பியும் விரும்பினோம். ஒருவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலையைத் தெரிந்துகொள்ளாமல் அவரை நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்ல முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அவர் இருக்கும்போதே தொடங்கி, அவர் போன பிறகும் நாங்கள் செய்து வருபவற்றை, வீட்டில் முதியவர்கள் உள்ளவர்களுக்குப் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

தாமிரபரணியின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளில் கன்னடியன் மூன்றாவது. கடைசியில் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டுமே ஆங்கிலேயர் ஆட்சியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் பழைய மன்னர்கள் காலத்தவை. கன்னடியன் கால்வாய் வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாகக் கிழக்கே ஓடி ஏறத்தாழ 12,500 ஏக்கர் நிலத்துக்குப் பாய்கிறது. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் தமக்குக் கிடைத்த பொன்னைக் கொண்டு இதை வெட்டினார் என்றும், ஒரு பசு நடந்து போன வழியே கால்வாயின் வழியாயிற்று என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மழை பொய்த்தால் சேரன்மகாதேவியில் இந்தக் கால்வாய்க் கரையில் இருக்கும் மிளகுப் பிள்ளையாருக்கு மிளகை அரைத்துப் பூசி அபிஷேகம் செய்யும் வழக்கமும் உண்டு. அப்பா அந்தப் பசுவின் கதையை என் மகனுக்குச் சொல்லும்போது, பசு எந்த இடத்தில் நின்றது, எந்த இடத்தில் வளைந்தது என்று கால்வாயின் உண்மையான வளைவுகளையே சொல்லிக்கொண்டு போவார். கதையைக் கேட்டு முடித்த பிள்ளைக்குக் கால்வாயின் வழி மனப்பாடமாகியிருக்கும்.

கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களே எங்கள் வீட்டுக்கு நாட்காட்டி. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழையால் பாபநாசம் அணையில் நீர் ஏறத் தொடங்கினால் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசானம் தொடங்கும். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. நாளிதழைக் கையில் எடுத்தால் அப்பா முதலில் படிப்பது அணைகளின் நீர்மட்டத்தைத்தான். ஓய்வு பெற்ற பிறகும், கண்பார்வை மங்கிய பிறகும், யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கருப்பட்டிக் காப்பி ஆறிப்போகும் வரை தொடமாட்டார்.

அவருடைய வேலையில் மிகவும் கடினமானது கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைமடைக்குத் தண்ணீர் கொண்டு சேர்ப்பது. தலைமடைக்காரருக்கு நீர் கேட்காமலே வந்துவிடும். கடைமடைக்காரரோ பயிர் வாடும் நேரத்தில் இரவெல்லாம் வயலில் நின்று காத்திருப்பார். முறைப்பாசனம் வைக்கும் நாட்களில் மேலே உள்ள மடைகளை அடைத்துக் கீழே நீரை அனுப்ப வேண்டும். அடைத்த மடையை இரவில் யாராவது திறந்துவிடுவார்கள். அப்பா மம்பட்டியும் டார்ச் விளக்குமாகக் கரையிலேயே இரவு முழுவதும் நடப்பார். சண்டைக்கு வந்த ஒரு பெரிய நிலக்காரரிடம் அவர் சொன்னதாக ஊரில் இன்னும் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: “அண்ணாச்சி, உங்க வயல்ல தண்ணி நிக்கி, அங்க ஒருத்தன் கண்ணுல நிக்கி. நான் எங்க போட்டும், நீங்களே சொல்லுங்க.” அந்த அண்ணாச்சி பேசாமல் திரும்பிப் போனார் என்றும், பின்னாளில் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் முதல் ஆளாக வந்து நின்றார் என்றும் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வேலைக் காலம் முழுவதும் அவர் நீள நோட்டுகளில் குறிப்பு எழுதி வந்தார். அலுவலகத்துக்குக் கொடுக்கும் பதிவேடு வேறு. இவை அவருக்கென்று எழுதியவை. எந்த மைல் கல்லுக்கு அருகே நண்டு வளையால் கரை கசிகிறது, எந்த மதகின் பலகை வெயில் காலத்தில் சுருங்குகிறது, ஆகாயத்தாமரை எங்கே வந்து அடைத்துக்கொள்ளும், உடைப்பு எடுத்தால் சாக்கு எத்தனை வேண்டும், எந்த வீட்டில் இரவில் எழுப்பினாலும் முகம் சுளிக்காமல் ஆள் வருவார் என்றெல்லாம் பென்சிலில் எழுதியிருப்பார். நடுவில் திடீரென்று, “பிள்ளைக்குக் காய்ச்சல். காலையில் பார்க்கணும்” என்று ஒரு வரி வரும். அந்த வரியில் உள்ள பிள்ளை நானா தம்பியா என்று தெரியாது. ஆனால் எங்களை நினைத்துக்கொண்டே அவர் கரையில் நடந்திருக்கிறார் என்பதற்கு எங்களிடம் இருக்கும் எழுத்துச் சான்று அது.

முதியவர்களிடம் கதை கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது என்பதை இந்த நோட்டுகளே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தன. “உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால், “என்னத்தச் சொல்ல, பொழப்பு ஓடிட்டு” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். ஒரு பக்கத்தைப் புரட்டி, “இந்த மதகை ஏன் சுற்றிக் கோடு போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். பொருளைக் கையில் கொடுத்துக் கேட்பது அதைவிடச் சிறந்தது. பழைய டார்ச், தேய்ந்த மம்பட்டி, தாத்தா காலத்து மரக்கால், கல்யாணப் பத்திரிகை என்று எதை எடுத்துக் கொடுத்தாலும் அதனோடு நான்கு மனிதர்களும் ஓர் ஊரும் வந்துவிடும். பெற்ற பிள்ளைகளிடம் சொல்லாததைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்வார்கள் என்பதையும் கண்டேன். அவருக்குப் பத்து வயதில் தந்தை இறந்ததும், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பிறர் வயலில் கூலிக்குப் போனதும் எனக்குத் தெரியவந்தது என் மகன் கேட்டதனால்தான். “இங்க வா ஐயா, ஒனக்கு மட்டும் சொல்லுதேன்” என்று அவனை அருகில் இழுத்துக்கொண்டு சொன்னதை நான் அடுக்களையில் நின்று கேட்டேன்.

குரலைப் பதிவு செய்வதற்குக் கைபேசியே போதும். பேசுபவர் முகத்துக்கு நேரே அதை நீட்டினால் பேச்சு விறைத்துப்போகும். பக்கத்தில் ஒரு துண்டின் மேல் வைத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். பாயில் அமர்ந்து பேசுவது பழக்கமானவரை நாற்காலியில் உட்காரவைக்கத் தேவையில்லை. எங்கள் அப்பா பத்தமடைப் பாயில் சாய்ந்துகொண்டுதான் நன்றாகப் பேசினார். காது மந்தமானவர்களிடம் கத்திப் பேசுவதைவிட, நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் அமர்ந்து, நம் உதடுகள் அவருக்குத் தெரியும்படி வெளிச்சத்தில் இருந்துகொண்டு நிதானமாகப் பேசுவது நல்லது. சிறு சிறு பதிவுகளாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தேதியையும் பேசிய பொருளையும் பெயராக இட்டு, அன்றே வேறோர் இடத்திலும் ஒரு பிரதி சேமித்துவிட வேண்டும். பெயரில்லாத பதிவுகள் நூறு இருந்தாலும் பிறகு யாரும் திறந்து கேட்பதில்லை.

புகைப்படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய கடைசி ஆள் பல வீடுகளில் ஒருவர்தான் இருப்பார். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் சொந்தக்காரர் எல்லோரும் கூடும்போது படங்களை எடுத்துச் சென்றோம். பொங்கல் வைத்து முடித்தபின் மரத்தடியில் அமர்ந்து, பெரியம்மாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே பெயர் சொல்ல, தம்பி மகள் படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதினாள். பேனா மை நாளடைவில் முன்புறம் ஊறித் தெரியக்கூடும். படத்தைச் சுவரில் ஒட்டுவதும் பசைநாடாவால் இணைப்பதும் அதைவிடக் கெடுதல்.

அப்பாவிடம் கடுங்கோபம் இருந்தது. தண்ணீர்ப் பருவத்தில் தூக்கம் இல்லாமல் வீட்டுக்கு வரும் நாட்களில் சிறு சத்தத்துக்கும் சீறுவார். தம்பி அடி வாங்கியிருக்கிறான். வீட்டின் பாரம் முழுவதையும் அம்மாவே சுமந்தாள். இவற்றையும் பேரப்பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறோம். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே சொன்னால், கேட்கும் பிள்ளைகளின் மனத்தில் அவர் தெய்வப் படமாகத்தான் தங்குவார். தங்களைப் போலக் கோபப்பட்டு, வருந்தி, மறுநாள் அல்வாப் பொட்டலத்தோடு வந்து பிள்ளையின் தலையைத் தடவிய மனிதராகத் தங்கமாட்டார். அம்மாவின் பேச்சையும் நாங்கள் தனியாகப் பதிவு செய்தோம். அப்பா கரையில் நின்ற இரவுகளில் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

கடைசி மாதங்களில் அவர் படுக்கையில் இருந்தார். பாளையங்கோட்டையில் மருத்துவம் பார்த்த பிறகு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். அந்தத் தெளிவு எங்களுக்குப் பேருதவியாக இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்து, குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோல் சிவக்கிறதா என்று தினமும் பார்த்தால் படுக்கைப் புண் வராமல் பெரும்பாலும் தடுக்கலாம். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. விழுங்குவதில் தடுமாற்றம் வந்தபோது வெறும் தண்ணீர் புரையேறியது; மருத்துவரிடம் கேட்டுக் கஞ்சியைச் சற்றுக் கெட்டியாக்கி, நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறு கரண்டியால் கொடுத்தோம். பேச்சு குறைந்த நாட்களிலும் நாளிதழில் அணை நீர்மட்டத்தை வாசித்துச் சொல்வதை என் மகன் விடவில்லை. எண்ணைக் கேட்டதும் அவர் விரல்கள் அசையும். அது கணக்கா, மகிழ்ச்சியா என்று நாங்கள் ஆராயவில்லை, வாசிப்பதைத் தொடர்ந்தோம்.

அவர் இறந்த அன்று, தம்பியின் இளைய மகனுக்கு ஐந்து வயது. “தாத்தா ஊருக்குப் போயிருக்கார்”, “சாமிகிட்ட தூங்குதார்” என்று வந்தவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்ல, பிள்ளை வாசலில் நின்று பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைத் தனியே அழைத்துச் சென்று, தாத்தாவின் உடம்பு நின்றுவிட்டது, அவர் இறந்துவிட்டார், இனி எழுந்து வரமாட்டார், அவருக்கு வலியும் இல்லை என்று சொன்னேன். அழுதான். பிறகு, “டார்ச் யாருக்கு?” என்று கேட்டான். அவனுக்கே என்றேன். சிறு பிள்ளைகளிடம் ‘இறந்துவிட்டார்’ என்பதை நேராகச் சொல்வதே நல்லது. தூங்குகிறார் என்று சொன்னால், சில பிள்ளைகள் தாங்களே தூங்கப் பயப்படுவார்கள்.

துக்கத்தின் நடுவே செய்தாக வேண்டிய காகித வேலைகளும் இருக்கின்றன. வீட்டில் நிகழ்ந்த இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஊராட்சிப் பகுதிகளில் கிராம நிர்வாக அலுவலரிடம் இதைச் செய்யலாம். பெயர், தந்தை பெயர், வயது ஆகியவை ஆதாரிலும் ஓய்வூதியப் புத்தகத்திலும் பட்டாவிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பதிவுக்கு முன்பே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் அப்பாவின் பெயர் பணிப் பதிவேட்டில் ஒரு விதமாகவும் பட்டாவில் வேறு விதமாகவும் இருந்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே இதைக் கவனித்துத் தம்பியை அழைத்துச் சென்று சரி செய்துவிட்டார். கரையில் கசிவைப் பார்த்தவுடன் அடைக்கும் பழக்கம் அவருக்குக் காகிதங்களிலும் இருந்தது. அதனால் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து பெறுவதும், அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் கேட்டுக் கருவூலத்துக்கு எழுதுவதும், பட்டாவை மாற்றுவதும் சிக்கலின்றி நடந்தன.

வங்கிக் கணக்கில் நியமனதாரராக ஒருவர் பெயர் இருந்தால் பணத்தை எளிதாகப் பெறலாம். ஆனால் அவர் வாரிசுகள் சார்பில் பெற்றுக்கொள்பவரே அன்றி, அதனாலேயே முழு உரிமையாளர் ஆகிவிடமாட்டார். இதை உடன்பிறந்தவர்கள் முதலிலேயே ஒன்றாக அமர்ந்து பேசிக்கொள்வது உறவைக் காக்கும். பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குச் சென்றுவிடுகிறது. அதன் பின்னரும் உரியவர்கள் வங்கி வழியாகக் கேட்டுப் பெறலாம். அப்படிப்பட்ட கணக்கு இருக்கிறதா என்று தேடுவதற்கு 2023 முதல் ‘உத்கம்’ என்ற இணையதளமும் இருக்கிறது.

நோட்டுகளைப் பாதுகாத்ததில் அப்பாவின் பங்கே பெரிது. 1992 நவம்பரில் பெருமழையால் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவுக்குள் ஆற்று நீர் புகுந்தது. நீர் வடிந்ததும், கூடத்துச் சுவரில் அது ஏறி நின்ற உயரத்தில் உளியால் ஒரு கோடு செதுக்கி, பக்கத்தில் ஆண்டைப் பொறித்தார். வெள்ளையடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டை மறைத்துவிடக் கூடாது என்று ஆளிடம் சொல்லி நிற்பார். பத்திரங்களும் நோட்டுகளும் எப்போதும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும் என்பது வீட்டின் விதி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. நெல்லைச் சந்திப்புப் பகுதியே நீரில் மூழ்கியது. எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. தம்பி நோட்டுப் பெட்டியைப் பரண் மேல் ஏற்றிவிட்டு, அம்மாவையும் பிள்ளைகளையும் மேட்டுத் தெருவுக்கு அழைத்துச் சென்றான். நீர் அந்தப் பழைய கோட்டை எட்டவில்லை. நோட்டுகளின் எல்லாப் பக்கங்களையும் அதற்கு முன்பே படம் பிடித்து, பாளையங்கோட்டையில் என் வீட்டிலும் சென்னையில் ஒரு மாமா வீட்டிலும் பிரதி வைத்திருந்தோம். ஆற்றங்கரையில் வீடு உள்ளவர்கள் அசலை ஓரிடத்திலும் படிகளை வேறோர் ஊரிலும் வைப்பது நல்லது. நனைந்த தாள்களை ஒன்றிலிருந்து ஒன்று இழுத்துப் பிரிக்காமல், நிழலில் காற்றாட வைத்து மெல்ல உலரவிட வேண்டும்.

திதி நாளில் வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்கிறோம். தோலுடன் கூடிய கறுப்பு உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய் சேர்த்து ஆக்கும் அந்தச் சோறு இரவு வேலைக்குப் போகும் நாட்களில் அவர் விரும்பிக் கேட்டது. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் தர்ப்பணம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் பிள்ளைகளைக் கன்னடியன் அணைக்கட்டில் இறக்கி, அங்கிருந்து கரையோரமாகச் சிறிது தூரம் நடக்கவைக்கிறோம். நோட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, தாத்தா எழுதிய மதகு எது, வளைவு எது என்று அவர்களே தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். கால்வாயில் இறங்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான கட்டளை. அதையும் தாத்தாவின் கட்டளையாகவே சொல்லியிருக்கிறோம், அவர் எங்களிடம் அப்படித்தான் சொன்னார்.

சென்ற கோடையில், இப்போது கால்வாய் பார்க்கும் இளைஞர் ஒருவர் நோட்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். கரை எங்கெங்கே பலவீனம் என்று எழுதிய பக்கங்களைப் பார்க்க முடியுமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா, “அவுக இருந்தா கூட்டிட்டுப் போயே காட்டிருப்பாக” என்று சொல்லிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். பிறர் குடும்ப விவரங்கள் உள்ள பக்கங்களைத் தவிர்த்து, கசிவு, மதகு, உடைப்பு பற்றிய பக்கங்களை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தோம். அவற்றில் சில இடங்களில் இப்போது சிமெண்ட் கரை கட்டப்பட்டிருக்கிறது என்றும், கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தபின் முழு நீளமும் நடந்து பார்த்துவிட்டு வந்து எது மாறியிருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்று சொல்வதாகவும் அவர் சொல்லிப் போனார். அவர் வந்து சொல்வதை, அந்தந்தப் பக்கத்துக்கு எதிரே தேதியிட்டு எழுதிச் சேர்க்கும் வேலையை என் மகன் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.